பனித்திட்டுக்கு வரும் பணத்துக்கு யார் கணக்குக் கேட்கிறார்கள்?

குடிமக்கள் பாடம்: அரசுத் தணிக்கையைப் புரிந்துகொள்வோம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் கிருமாம்பாக்கம் வந்து, கடல் பக்கம் திரும்பினால் பனித்திட்டு. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த மீனவ கிராமம். காலையில் போனால், ஏலத்தில் எடுத்த மீனை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு பெண்கள் வியாபாரத்துக்குக் கிளம்புவதைப் பார்க்கலாம்.

இந்தக் கட்டுரைக்காக அங்கே போயிருந்தபோது ஓர் அக்காவிடம், "தணிக்கைன்னா என்னன்னு தெரியுமாக்கா?" என்று கேட்டேன். "ஆடிட்டுதானே? அது ஆபீசருங்க விஷயம் தம்பி. அதுல நமக்கு இன்னா இருக்குது?" என்று சிரித்தார்.

கொஞ்சம் பேச்சுக் கொடுத்தபிறகு அவரே ஒரு விஷயம் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓர் உதவிக்காக எழுதிக் கொடுத்திருந்தாராம். "சாமான் அப்புறமா வரும், இப்ப கையெழுத்தைப் போடும்மா" என்று ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள். போட்டுவிட்டார். சாமான் வரவே இல்லை. திரும்பப் போய்க் கேட்டபோது, "வாங்கிக்கிட்டேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று பதில் வந்ததாம். எந்தத் திட்டம், யார் வாங்கினார்கள் என்பதெல்லாம் அவருக்கு இப்போது நினைவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கையெழுத்துக்கும் தணிக்கைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அது என்ன, அரசுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது யார், எப்படிக் கேட்கிறார்கள், உங்கள் கையில் இருக்கும் போனை வைத்து நீங்கள் என்ன செய்யலாம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

ஊர்க்கணக்கும் நாட்டுக்கணக்கும்

நம் கடற்கரை ஊர்களில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத் திருவிழா நடத்துவோம். முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவை வாசிக்க வேண்டும். பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, மீதி எங்கே என்று வரி கொடுத்த எவரும் கேட்கலாம். செலவு செய்தவரே "எல்லாம் சரியா இருக்குது" என்று சொன்னால் ஊர் ஒத்துக்கொள்ளாது. வேறு ஒருவர் நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டும்.

நாட்டுக் கணக்கிலும் இதே நியாயம்தான். பணத்தை ஒதுக்குவது நாடாளுமன்றமும் சட்டமன்றமும். செலவு செய்வது அரசுத் துறைகள். சொன்னபடி செலவானதா என்று நோட்டை வாங்கிப் பார்ப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். செய்தித்தாள்களில் 'சி.ஏ.ஜி.' என்று படிக்கிறோமே, அவர்தான்.

அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் இவரைப் பற்றியவை. இவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். பதவிக்காலம் 6 ஆண்டுகள் அல்லது 65 வயது வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு என்ன நடைமுறையோ, அதே நடைமுறையில்தான் இவரையும் நீக்க முடியும். ஓய்வுக்குப் பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்க முடியாது. பிடிக்காத அறிக்கை கொடுத்தால் தூக்கிவிடலாம், பிடித்த அறிக்கை கொடுத்தால் பதவி தரலாம் என்ற இரண்டு வழியையும் இப்படி அடைத்து வைத்திருக்கிறார்கள். அரசமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருப்பார் என்று 1949 மே 30 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார்.

சுதந்திர இந்தியாவின் முதல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வி. நரஹரி ராவ். 2024 நவம்பரில் பொறுப்பேற்றவர் கே. சஞ்சய் மூர்த்தி. இந்தத் துறையின் வேர் இன்னும் பழையது. 1860 நவம்பர் 16 அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் தலைமைத் தணிக்கையாளர் பொறுப்பேற்றார். அந்த நாளைத்தான் 2021 முதல் 'தணிக்கை தினம்' என்று கொண்டாடுகிறார்கள்.

மத்திய அரசு, மாநிலங்கள், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்கள் ஆகிய எல்லாவற்றின் தொகுப்பு நிதியிலிருந்தும் நடக்கும் செலவைத் தணிக்கை செய்ய 1971-ம் ஆண்டுச் சட்டம் இவருக்கு அதிகாரம் தருகிறது. நம் புதுச்சேரியும் இதில் அடக்கம். இங்கே அரசின் வரவு செலவைத் தொகுப்பது கணக்கு மற்றும் கருவூலத் துறை. அதைத் தணிக்கை செய்வது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொதுவாகச் சென்னையில் இருக்கும் முதன்மைக் கணக்காயர் (தணிக்கை) அலுவலகம். அவர்கள் நம் அரசுக்குக் கீழே வருபவர்கள் அல்ல, சி.ஏ.ஜி.க்குக் கீழே வருபவர்கள்.

ஓர் ஐஸ் பெட்டி வண்டியின் பயணம்

ஓர் உதாரணம் பார்ப்போம். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில், மீன் விற்பவர்களுக்கு ஐஸ் பெட்டியுடன் கூடிய மோட்டார் சைக்கிள் என்று ஓர் உதவி இருக்கிறது. திட்ட வழிகாட்டியில் ஒரு வண்டிக்குக் கணக்கிட்ட விலை 75,000 ரூபாய். பொதுப் பிரிவினருக்கு அதில் 40 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் மானியம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம், அதாவது 45,000 ரூபாய். யூனியன் பிரதேசம் என்பதால் இந்த மானியம் முழுவதும் மத்திய அரசின் பங்கு.

பனித்திட்டில் மீன் விற்கும் ஒரு பெண்ணுக்கு இந்த 45,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றம் ஒப்புதல் தருகிறது. டெல்லியில் உள்ள மீன்வள அமைச்சகம் விடுவிக்கிறது. புதுச்சேரி அரசுக்கு வருகிறது. இங்குள்ள மீன்வளத் துறை பயனாளியைத் தேர்வு செய்து, உதவியைச் சேர்க்கிறது. பிறகு "கொடுத்த பணத்தைக் கொடுத்த வேலைக்கே செலவழித்தோம்" என்று பயன்பாட்டுச் சான்றிதழ் டெல்லிக்குத் திரும்பப் போக வேண்டும். பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும்.

பணம் இத்தனை கை மாறுகிறது. டெல்லியில் இருப்பவருக்குப் பனித்திட்டு தெரியாது. பனித்திட்டில் இருப்பவருக்கு டெல்லிக் கோப்பு தெரியாது. இரண்டு முனைக்கும் போய்ப் பார்க்கும் உரிமை உள்ளவர் தணிக்கையாளர் மட்டுமே. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் தனித்தனித் தணிக்கையாளர் இல்லாமல் ஒரே அமைப்பாக வைத்ததன் பலன் இங்கேதான் தெரியும். "நாங்க அனுப்பிட்டோம்" என்று ஒரு பக்கமும், "எங்களுக்கு வரல" என்று இன்னொரு பக்கமும் சொன்னால், இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவரால் முடியும்.

தணிக்கை எப்படி நடக்கிறது?

தணிக்கை மூன்று வகைப்படும். கணக்கில் எழுதிய தொகை சரியா என்று பார்ப்பது நிதித் தணிக்கை. சட்டம், விதி, அரசாணைப்படி செலவு நடந்ததா என்று பார்ப்பது இணக்கத் தணிக்கை. செலவழித்த பணத்தால் நினைத்த பலன் கிடைத்ததா என்று பார்ப்பது செயல்திறன் தணிக்கை. நம் உதாரணத்தில், 45,000 ரூபாய் கணக்கில் சரியாக ஏறியதா என்பது முதல் கேள்வி. தகுதி உள்ள பெண்ணுக்குத்தான் போனதா என்பது இரண்டாவது. வண்டி வந்தபிறகு அவர் விற்கும் மீன் கெடாமல் இருக்கிறதா, வருமானம் கூடியதா என்பது மூன்றாவது.

வேலை நடக்கும் வரிசை இது:

1. எங்கே பணம் அதிகம், எங்கே தவறு நடக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்து ஆண்டுத் திட்டம் போடுகிறார்கள். எல்லா அலுவலகத்தையும் எல்லா வருஷமும் பார்ப்பதில்லை.

2. துறை அதிகாரிகளுடன் தொடக்கக் கூட்டம் நடத்தி, எதைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்கிறார்கள்.

3. கோப்புகள், பில்கள், வங்கிக் கணக்கு, கணினிப் பதிவுகளைப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் துறை அதிகாரியையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்ப்பார்கள், பயனாளிகளிடம் பேசுவார்கள்.

4. சந்தேகம் வந்தால் தணிக்கைக் குறிப்பு எழுதி, துறையிடம் பதில் கேட்கிறார்கள். சரியான பதில் வந்தால் அந்தக் குறிப்பு அங்கேயே முடிந்துவிடும்.

5. மீதி உள்ளவை ஆய்வு அறிக்கையாகத் துறைக்குப் போகும். பெரிய விஷயங்கள் துறைச் செயலருக்கு அனுப்பப்பட்டு, அவர் பதிலையும் வாங்கிய பிறகே இறுதி அறிக்கையில் சேரும்.

6. புதுச்சேரி பற்றிய அறிக்கை துணைநிலை ஆளுநரிடம் தரப்படுகிறது. அவர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்கிறார். 1963-ம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம் இதைச் சொல்கிறது. மத்திய அரசு பற்றிய அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்துக்குப் போகிறது.

7. அவையில் வைத்த பிறகு பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துக்கொள்கிறது. எம்.எல்.ஏ.க்களோ எம்.பி.க்களோ கொண்ட இந்தக் குழு அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கும். நாடாளுமன்றக் குழுவில் 22 பேர். 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரைத் தலைவராக வைப்பது வழக்கம்.

நான்காவது படியை மறுபடி ஒருமுறை படியுங்கள். தணிக்கை என்றால் ஒருதலைப் பட்சமான குற்றச்சாட்டு என்று நினைக்கிறோம். உண்மையில் எதிர்த்தரப்பின் பதில் இல்லாமல் எதுவும் முடிவாவதில்லை. பதிலே தராவிட்டால், 'பதில் வரவில்லை' என்பதும் அறிக்கையில் ஏறும்.

அறிக்கைகள் என்ன சொன்னன?

முதலில் ஒரு போன் நம்பர் கதை. 2023 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயனாளிகள் பட்டியலைக் கணினியில் சலித்துப் பார்த்ததில், 7,49,820 பேர் 9999999999 என்ற ஒரே நம்பரில் பதிவாகியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்தன. பயனாளியைச் சரிபார்ப்பது ஆதார் வழியாகத்தான், போன் நம்பர் தகவல் சொல்ல மட்டுமே என்று சுகாதார அமைச்சகம் விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. உங்கள் பேரில் யாராவது சிகிச்சைக் கணக்கு எழுதினால், தகவல் உங்கள் போனுக்கு வருமா, 9999999999-க்குப் போகுமா?

இரண்டாவது, பென்ஷன். முதியோர், கணவரை இழந்த பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய சமூக உதவித் திட்டம் பற்றிய அறிக்கையும் அதே மாதம்தான் வெளிவந்தது. இறந்த தகவல் நேரத்துக்கு வராததால், இறந்துபோன 2,103 பேரின் பேரில் சுமார் 2 கோடி ரூபாய் போயிருந்தது. திருட்டு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. பல வீடுகளில் சொல்ல மறந்திருப்பார்கள். ஆனால், விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒரு பாட்டிக்கு அந்தப் பணம் போயிருக்கலாம்.

மூன்றாவது, பேரிடர். 2004 டிசம்பர் 26 நம் கரைக்கு மறக்க முடியாத நாள். அந்தச் சுனாமியின் நிவாரணம், மறுவாழ்வுப் பணிகளைப் பற்றி சி.ஏ.ஜி. 2006-ல் தனியாகவே ஒரு செயல்திறன் தணிக்கை அறிக்கை கொடுத்தார். உதவி அவசரமாகப் போகும்போதுதான் பட்டியலும் ரசீதும் விட்டுப்போகும் என்பதால், இப்படிப்பட்ட நேரத்தில் தணிக்கை ரொம்ப முக்கியம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றியும் அறிக்கை வந்தது. செம்பரம்பாக்கம் ஏரி நீர் திறந்துவிடப்பட்ட விதத்தை ஆராய்ந்து, அதை மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. ஆனால் அந்த அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில், இரண்டரை ஆண்டு கழித்து.

இந்தத் தாமதம் தணிக்கையின் பெரிய பலவீனம். அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று அரசமைப்பு சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. தவறு நடந்த வருஷம் ஒன்று, அறிக்கை எழுதிய வருஷம் ஒன்று, படிக்கக் கிடைத்த வருஷம் ஒன்று என்று ஆகும்போது, கேள்வி கேட்க வேண்டிய சூடு ஆறிவிடுகிறது.

சி.ஏ.ஜி. செய்யாதவை

சி.ஏ.ஜி. என்றாலே பலருக்கு 2ஜி ஞாபகம் வரும். 2010 நவம்பரில் வந்த அந்த அறிக்கை, அலைக்கற்றையால் அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பு 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுதலை செய்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தணிக்கை அறிக்கை தீர்ப்பு அல்ல. "இப்படிச் செய்திருந்தால் இவ்வளவு வந்திருக்கும்" என்பது ஒரு மதிப்பீடு. இன்னார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. யாரையும் கைது செய்யவோ, அபராதம் போடவோ, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லவோ சி.ஏ.ஜி.க்கு அதிகாரம் கிடையாது. உங்கள் தனிப்பட்ட மனுவுக்குத் தீர்வு சொல்லும் அலுவலகமும் அதுவல்ல. அவர் கையில் இருப்பது இரண்டு: கோப்பைப் பார்க்கும் உரிமை, பார்த்ததைப் பொதுவில் சொல்லும் கடமை. வாட்ஸ்ஆப்பில் ஒரு தொகையை மட்டும் வெட்டி எடுத்து வரும் செய்தியைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவில் 1921-ம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமைப்புக்கு முதலில் பொதுக் கணக்கு அலுவலகம் என்று பெயர். 2004-ல் அதை அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் என்று மாற்றினார்கள். அதன் தலைவருக்குப் பதவிக்காலம் 15 ஆண்டுகள். மத்திய அரசுப் பணம் வீணாவதைப் பொதுமக்களே தெரிவிக்க அங்கே தனி வசதியும் உண்டு. நம் நாட்டில் அதற்கு நெருக்கமானது சமூகத் தணிக்கை. 2005-ம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராம சபையே வேலைகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. அதற்கான விதிகளை 2011-ல் சி.ஏ.ஜி.யைக் கலந்தே மத்திய அரசு வெளியிட்டது.

இப்ப போனை எடுங்க

அறிக்கையைப் படிக்க: 'சிஏஜி டாட் ஜிஓவி டாட் இன்' இணையதளத்தில் தணிக்கை அறிக்கைகள் பகுதிக்குப் போய் புதுச்சேரியைத் தேர்வு செய்யுங்கள். பணம் கட்ட வேண்டாம். நூறு பக்கத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் சுருக்கம், பிறகு பரிந்துரைகள், அப்புறம் உங்களுக்குத் தெரிந்த துறை. ஆங்கிலத்தில் இருந்தால் போனில் உள்ள மொழிபெயர்ப்பு வசதி ஓரளவு உதவும்.

பட்டியலைப் பார்க்க: மானியத் திட்டங்களில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைத் துறைகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 4-வது பிரிவில் சொல்கிறது. முதலில் துறையின் இணையதளத்தில் தேடுங்கள்.

கிடைக்காவிட்டால்: துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதற்கும் மேலே, 90 நாளுக்குள் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், மாதிரி எடுக்கவும்கூட இந்தச் சட்டத்தில் உரிமை உண்டு.

கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "எங்க ஊருக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் திட்டத்தில், இந்த நிதியாண்டில், பனித்திட்டுக்குத் தேர்வான பயனாளிகளின் பட்டியலும், ஒவ்வொருவருக்கும் வழங்கிய தொகையும் வேண்டும்" என்று கேளுங்கள். திட்டத்தின் பெயர், வருஷம், ஊர் ஆகிய மூன்றும் இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

உங்கள் பதிவைச் சரிபார்க்க: காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் இருப்பது இப்போது நீங்கள் வைத்திருக்கும் நம்பர்தானா என்று பாருங்கள். வீட்டில் பென்ஷன் வாங்கியவர் இறந்துவிட்டால் உடனே தெரிவியுங்கள்.

சில கேள்விகள்

தணிக்கைக்காரர் என் வீட்டுக்கு வந்தால் நான் பேசணுமா?
பேசலாம், உள்ளதைச் சொல்லலாம். முதலில் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். தணிக்கைக்கு வருபவர் ஓ.டி.பி. கேட்க மாட்டார், பணமும் கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் அவர் தணிக்கைக்காரரே இல்லை.

குறை சொன்னால் வரவேண்டிய உதவி நின்றுவிடாதா?
உதவியைக் கொடுப்பதும் நிறுத்துவதும் தணிக்கையாளரின் வேலை இல்லை. கிடைத்ததா, எப்போது கிடைத்தது, எந்த நிலையில் இருந்தது என்று உள்ளதை மட்டும் சொன்னால் போதும்.

தனியார் தொண்டு நிறுவனத்தையும் சி.ஏ.ஜி. பார்க்க முடியுமா?
அரசு நிதியில் பெரும்பகுதி நடந்தால் பார்க்க முடியும். ஒரு வருஷத்தில் பெற்ற மானியமோ கடனோ 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், அதன் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் 1971-ம் ஆண்டுச் சட்டத்தின் 14-வது பிரிவு பொருந்தும்.

அந்த அக்காவின் கையெழுத்து

தணிக்கையாளர் கோப்பைத் திறந்தால் முதலில் பார்ப்பது பயனாளியின் கையெழுத்தை. 'பெற்றுக்கொண்டேன்' என்று அது சொன்னால், சாமான் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் போதாது. மாதிரிக்குச் சில வீடுகளைத்தான் எடுப்பார்கள். அந்த மாதிரியில் அக்காவின் வீடு வராவிட்டால், அவர் கோபம் எந்த அறிக்கையிலும் ஏறாது. அவர் கையெழுத்தே அவருக்கு எதிர்சாட்சி ஆகிவிடும்.

அதனால் பாடத்தின் கடைசி வரி எளிமையானது. பொருள் கைக்கு வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். தேதியை நீங்களே எழுதுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள். போட்ட காகிதத்தை உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே, "போட்டோ எடுக்கறதுதானே, அது நம்ம பொண்ணு எடுத்துடும்" என்றார். இரண்டு அடி போய்விட்டு, திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அந்தப் பட்டியல்ல எம் பேரு இருக்குதான்னு எப்படிப் பாக்கறதுன்னு சொன்ன தம்பி?"